கேட்டுக்கு வீடியோ கோலிங் பெல்: பெட்டரியா, வயரா? (வீடு ரோட்டுக்குக் கீழே)

தேயிலைத்தளிர் (கொட்டகலை)

வணக்கம். கேட்டுக்கு ஒரு வீடியோ பெல் போடணும். இடம் எப்படி என்று முதல்லயே சொல்லிடுறேன், அதுக்கு ஏத்த மாதிரி யோசனை சொல்லுங்க.

வீடு மெயின் ரோட்டுக்குக் கீழே, சரிவில. கேட் ரோட்டு மட்டத்தில. அங்கிருந்து படி இறங்கினா வாசல். கேட் தூணிலிருந்து வீட்டுச் சுவர் வரை கேபிள் ஓட்டம் 35 மீட்டர் வரும். பழைய கருங்கல் சுவர், ஒன்றரை அடி தடிப்பு. ஹோலில ஃபைபர் ரவுட்டர். கேட்டில இப்ப சாதாரண பெல் சுவிட்ச், ரெண்டு வயர் ஏற்கனவே ஓடியிருக்கு. வீட்டில இருக்கிறது அம்மாவும் அப்பாவும். அம்மாவுக்குக் காது மந்தம், அப்பா ஸ்மார்ட் போனைத் தொடமாட்டார். பிள்ளைங்க கொழும்பிலயும் டுபாயிலயும்.

கடையில 16–24 வோல்ட் என்று போட்ட ஒரு மொடலைக் காட்டி, "இருக்கிற பெல் வயரிலேயே கொழுவலாம்" என்றாங்க. சரியா? மழை, மூடுபனி, கரண்ட் கட் எல்லாம் நம்ம ஊர் கணக்குத்தான்.

வயரிங்_நானா (கம்பளை)

அந்த வயரில கொழுவ வேணாம். இதை முடிச்சிட்டுத்தான் மத்த கதை.

நம்ம நாட்டில கோலிங் பெல்லுக்குப் போற வயர் 230 வோல்ட். லைன் வயர் கேட் சுவிட்சுக்குப் போய், அமத்தினா திரும்பி வந்து பெல்லைத் தொடும். நியூட்ரல் பெல்லோடயே நிக்கும். அதாவது கேட்டில இருக்கிற ரெண்டு வயரில ஒண்டில எந்த நேரமும் 230 நிக்குது. அமெரிக்கா, கனடா பக்கம் பெல்லுக்கு முன்னால ஒரு சின்ன டிரான்ஸ்போமர் இருக்கும், சுவிட்சுக்கு 16 முதல் 24 வோல்ட்தான் வரும். அந்த மொடல் அப்படிப்பட்ட வீட்டுக்காகச் செய்தது. உங்க வயரில மாட்டினா, அமத்துற முதல் ஆளுக்கு முன்னாலயே பெல் கருகும். ஆளுக்கும் ஆபத்து, ஏனென்றா அந்தப் பெட்டி 230-க்கு இன்சுலேட் பண்ணினது இல்லை.

இன்னொரு பொறி: சொந்தக்காரர் கனடாவிலிருந்து பெல்லோட சேர்த்து டிரான்ஸ்போமரும் அனுப்புவாங்க. அது 120 வோல்ட் உள்வாங்குறது. இங்க போட்டா அதுவும் புகை.

அந்த வயரை வெச்சுக்கொள்ளத்தான் வேணும் என்றா வழி இருக்கு. டிபி போர்டில அந்தப் பெல் சேர்க்கிட்டின் பிரேக்கரை இறக்கி, கேட் சுவிட்சில மல்டிமீட்டர் வெச்சு செத்திருக்கா என்று பார்த்து, வீட்டுப் பக்கம் ரெண்டு வயரையும் மெயின்ஸிலிருந்து முழுசாப் பிரிச்சு எடுக்கணும். டெஸ்டர் பல்ப் எரியலை என்பதை மட்டும் நம்ப வேணாம். பிறகு அந்த ரெண்டு முனைக்கும் 24 வோல்ட் சப்ளை ஒண்டைக் கொடுக்கணும். கடையில கிடைக்கிற சின்ன பெல் டிரான்ஸ்போமர் பலதும் 8 விஏ, 8 அல்லது 12 வோல்ட். வீடியோ பெல்லுக்கு அது காணாது. பெட்டியில போட்டிருக்கிற விஏ அளவை (எவ்வளவு சக்தி கொடுக்கும் என்ற கணக்கு) பார்த்து அதுக்கு மேலயே வாங்குங்க. ஏசியா டிசியா என்பதையும் பாருங்க. உள்ளே மணி இல்லாமல் நேரா டிரான்ஸ்போமரில கொடுத்தா, சில மொடலுக்கு இடையில ஒரு ரெசிஸ்டர் கேட்பாங்க. அதை விட்டா உள்ள சேர்க்கிட் போகும்.

நெட்வேர்க்_தம்பி (ஹட்டன்)

நானா சொன்ன வயர் விஷயத்தோட ஒரு கணக்கையும் சேர்த்துக்கங்க. பெல்லுக்கு ஓட்டுற மெல்லிய ஃப்ளெக்ஸ், 14/0076 என்று கடையில கேட்டு வாங்குறது, ஏறத்தாழ அரை சதுர மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 39 ஓம். போக வர 70 மீட்டர், அப்ப 2.7 ஓம். 12 வோல்ட் பெல் ஒண்டு இராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது 1 அம்பியர் இழுத்தா, வழியிலேயே 2.7 வோல்ட் போயிடும். கேட்டுக்கு 9.3 தான் வரும், பெல் ரீஸ்டார்ட் ஆகும். "பகல்ல நல்லா வேலை செய்யுது, இருட்டினா ஓஃப்லைன்" என்று வர்ற முறைப்பாட்டில பாதி இதுதான். 24 வோல்ட் என்றா அதே வேலைக்கு அரை அம்பியர் போதும், 1.4 வோல்ட்தான் இழப்பு, பிரச்சினை இல்லை.

ஆனா உங்க இடத்துக்குப் பெரிய கேள்வி கரண்ட் இல்லை, சிக்னல். ஒன்றரை அடி கருங்கல், அதுக்கு மேல மண் சரிவு, தடுப்புச் சுவர், இரும்பு கேட். ரவுட்டரின் 5 கிகாஹேட்ஸ் முதல் சுவரிலேயே செத்திடும், 2.4 கொஞ்சம் மேலே ஏறும். சோதிக்கிற முறை: போனில சிக்னலை டிபிஎம் கணக்கில காட்டுற வைஃபை செயலி ஒண்டைப் போடுங்க. கேட் தூணோட ஒட்டி, நெஞ்சு உயரத்தில போனைப் பிடிங்க. கேட்டைச் சாத்தி வெச்சுப் பாருங்க, மழை பெய்யும்போதும் ஒருக்கா பாருங்க. மைனஸ் 60 நல்லம். மைனஸ் 67 கடைசி எல்லை. மைனஸ் 72-ஐ விட மோசமாப் போனா அந்த இடத்தில வைஃபை பெல் வாங்குறது காசுக்குக் கேடு. போன் அன்டெனா பெல்லை விடக் கொஞ்சம் நல்லா இருக்கும், அதனால கிடைச்ச எண்ணை இன்னும் 5 மோசமாவே கணக்கெடுங்க (மைனஸ் 60 என்றா மைனஸ் 65).

"எக்ஸ்டெண்டர் ஒண்டு போட்டா சரி" என்பாங்க. எக்ஸ்டெண்டர் தனக்குக் கிடைக்கிற சிக்னலைத்தான் திருப்பிக் கொடுக்கும். அது நிக்கிற இடத்திலேயே சிக்னல் மோசம் என்றா ஒண்டும் நடக்காது.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

இவ்வளவு வயர்ப் பேச்சு எதற்கு? பெட்டரி மொடல் ஒன்றைத் தூணில் திருகிவிட்டால் அரை மணி நேர வேலை. சுவர் தோண்ட வேண்டாம், 230 பயம் இல்லை, இடி இடித்தால் வயர் வழியே வீட்டுக்குள் வராது. பெல்லைக் கழற்றி யூஎஸ்பி சார்ஜரில் போட்டால் முடிந்தது. எங்கள் பக்கம் வெயிலும் உண்டு, சின்ன சோலார் தகடு ஒன்று சேர்த்தால் கழற்றவே வேண்டியதில்லை. டாபோ, இசிவிஸ், யூஃபி என்ற கம்பனிகள் எல்லாவற்றிலும் பெட்டரி மொடல் இருக்கிறது.

நெட்வேர்க்_தம்பி

அண்ணே, பண்டாரவளைக்குச் சரி. கொட்டகலையில மே மாசத்திலிருந்து செப்டெம்பர் வரை அந்தத் தகடு மேகத்தைத்தான் பார்க்கும்.

பெட்டரி எத்தனை மாசம் என்று பெட்டியில போடுறது, நாளுக்கு ஒரு சில நிகழ்வு என்ற கணக்கில. இவங்க கேட் மெயின் ரோட்டில. பஸ், த்ரீவீலர், ஸ்கூல் பிள்ளைங்க, கொழுந்து லொறி. ஒவ்வொண்டுக்கும் பெல் முழிச்சு, வைஃபையில சேர்ந்து, படம் எடுத்து, அனுப்பித் தூங்கும். சிக்னல் மோசமா இருந்தா அனுப்ப நேரமெடுக்கும், அது இன்னும் பெட்டரியைத் தின்னும். அசைவு வலயத்தைக் கேட்டுக்கு முன்னால ஒன்றரை மீட்டராச் சுருக்கினாலும் சென்சர் ஒவ்வொரு தடவையும் முழிக்கத்தான் செய்யும். வலயம் என்பது பல மொடலில முழிச்ச பிறகு வடிகட்டுறது. வாங்க முன்னால அந்த மொடலில வலயம் சென்சருக்கா, படத்துக்கா என்று பாருங்க.

இன்னொண்டு, பெட்டரி பெல் தூங்கிக்கொண்டிருக்கும். பட்டனை அமத்தி, டுபாயில போன் அடிச்சு, எடுத்துப் படம் வர சில செக்கன் போகும். தபால்காரர் அதுக்குள்ள அடுத்த கேட்டுக்குப் போயிடுவார்.

பனிமூட்டம் (நுவரெலியா)

மூடுபனிக்கு இரண்டு சென்சரும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெட்டரி மொடலில் இருப்பது உடல் சூட்டைப் பிடிக்கிற சென்சர். குளிர் ஊரில் அது உண்மையில் நன்றாகவே வேலை செய்யும், பின்னணிக்கும் ஆளுக்கும் சூட்டு வித்தியாசம் அதிகம் என்பதால். கெடுப்பது உடுப்பு. தடித்த ஸ்வெட்டர், நனைந்த ரெயின்கோட், முன்னால் பிடித்த குடை: வெளியே தெரிகிற பரப்பு சுற்றியுள்ள காற்றின் குளிருக்கே வந்துவிடும், சென்சருக்கு ஆள் இல்லை. அடர்ந்த பனியும் அந்தக் கதிரை உறிஞ்சும். அதோடு இந்தச் சென்சர் குறுக்கே நடப்பவரைத்தான் சட்டெனப் பிடிக்கும், நேரே வருபவரைப் பிந்தித்தான் பிடிக்கும். ஆகவே தூணில் கொஞ்சம் பக்கவாட்டாகத் திருப்பி வைக்க வேண்டும்.

வயர் மொடல் எந்நேரமும் படத்தைப் பார்த்து அசைவை முடிவு செய்யும். பனி உருண்டு போவதும், விளக்கில் மின்னும் மழைத்தாரையும் அதற்கு அசைவுதான். "மனிதர் மட்டும்" என்று பெல்லுக்குள்ளேயே அடையாளம் காணும் வசதி உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால் தென்மேற்குப் பருவத்தில் இரவு முழுக்க போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

இரவில் இன்ஃப்ராரெட் பனியில் பட்டு அப்படியே திரும்பி வரும். படம் பால் ஊற்றியது போல வெள்ளையாக இருக்கும், அதில் முகம் கிடையாது. கெமராவின் மெகாபிக்ஸலைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. விளக்கும் லென்ஸும் ஒரே இடத்தில் இருப்பதுதான் காரணம். இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு, பெல்லிலிருந்து ஒரு மீட்டராவது விலகி, தலைக்கு மேலே, பக்கவாட்டில் 5 வோட்ஸ் மஞ்சள் எல்இடி ஒன்று போடுங்கள். ஒளி குறுக்கே விழும்போது பனி இருந்தாலும் முகம் தெரியும், நிறத்தோடு.

சிலந்தியையும் மறக்க வேண்டாம். இன்ஃப்ராரெட் எரிகிற லென்ஸுக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு குறுக்கே ஒரே ஒரு இழை கட்டினால் போதும், அதில் பனித்துளி கோத்து இரவில் வெள்ளைக் கயிறு போல ஆடும்; பெல் அதையும் ஆள் என்று எண்ணும். விளக்கை விலக்கி வைத்தால் பூச்சி அங்கே போய்விடும், இதற்கும் அதே மருந்துதான்.

தேயிலைத்தளிர்

ரொம்ப நன்றி. போனில பார்த்தேன், கேட்டைச் சாத்தினா மைனஸ் 78. அப்ப வைஃபை இல்லைதானே? கேட்டை விட்டிட்டு வாசல் கதவிலயே பெல்லை வெச்சா? அங்க சிக்னல் மைனஸ் 55.

பனிமூட்டம்

வாசலில் வைத்தால் கெமரா படியை மேல்நோக்கிப் பார்க்கும். இறங்கி வருபவரின் தலைக்குப் பின்னால் வானம். வெளிச்சமான பின்னணியில் முகம் கறுத்துப் போகும். எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் சமப்படுத்துகிற கெமரா வசதி) கொஞ்சம் காப்பாற்றும், முழுக்க இல்லை. கேட் தூணில் வைத்தால் எதிரே ரோட்டின் மேல்பக்கத்து மண்மேடும் தேயிலையும்தான், இருண்ட பின்னணி. படத்துக்கு அந்த இடமே மேல்.

அதோடு, பெற்றோர் தனியே இருக்கிற வீட்டில் யாரென்று தெரிந்துகொள்ள வேண்டியது அவர் கேட்டுக்கு வெளியே நிற்கும்போது. படி இறங்கி வாசலுக்கு வந்த பிறகு தெரிந்து என்ன செய்ய?

வயரிங்_நானா

அக்கா சொன்னது சரி. கேட்டுக்கே போடுங்க, வைஃபை வேணாம், நெட்வேர்க் கேபிளை இழுங்க. பிஓஈ. ஒரே கேபிளில கரண்டும் படமும். 48 வோல்ட் என்பதால 5 வோட்ஸ் பெல்லுக்கு 0.1 அம்பியர்தான் ஓடும், 35 மீட்டரில இழப்பு கணக்கில வராது. 100 மீட்டர் வரை தாங்கும்.

வேலை இப்படி. வெளிப்புறத்துக்கான கேட்6 (Cat6) நெட்வேர்க் கேபிள், முழுச் செம்பு. கடையில மலிவாக் கொடுக்கிறது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. தடை கூட, வளைச்சா முறியும், முனையில ஈரம் பட்டா பூத்துப் போகும். ஒரு கம்பியைக் கத்தியால சுரண்டிப் பார்த்தா உள்ளே வெள்ளி நிறம் தெரியும், அப்படி என்றா திருப்பிக் கொடுங்க. 25 மில்லிமீட்டர் பிவிசி கொண்டிட் குழாய், படிக்கு ஓரமா, தண்ணி ஓடுற கானுக்கு மற்றப் பக்கம். பூமிக்கடியில என்றா ஒன்றரை அடி ஆழம். பன்றி தோண்டுற இடமா இருந்தா மேலே ஒரு வரிசை செங்கல் அடுக்கி மூடுங்க. வளைவுக்கு எல்போ போடாம நீள வளைவு போடுங்க, இல்லாட்டி கேபிள் இழுபடாது. இழுக்கும்போது கூடவே ஒரு நைலோன் கயிறும் விட்டு வைங்க, பிறகு உதவும்.

சரிவில கொண்டிட் என்றா மேலே நுழையிற மழைத்தண்ணி முழுக்கக் கீழே வீட்டுச் சுவருக்கு வரும். இதை யாரும் யோசிக்கிறதில்லை. கேட் முனையை சிலிக்கோன் வெச்சு அடைங்க. கீழ் முனையில, சுவருக்குள்ள போக முன்னால, கேபிளைக் கீழே ஒரு வளையமா இறக்கி அதுக்கப்புறம் மேலே ஏத்தி உள்ளே விடுங்க. தண்ணி வளையத்தின் அடியில சொட்டிப் போகும்.

230 வோல்ட் வயர் இருக்கிற கொண்டிட்டுக்குள்ள இந்தக் கேபிளை விடவே கூடாது.

ஊவாக்காற்று

இடி? ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் வானம் வெடிக்கிற ஊரில் 35 மீட்டர் செம்புக் கம்பியை நிலத்தில் கிடத்துகிறீர்கள். ஃபைபர் வந்ததே அந்தச் சனியன் போகட்டும் என்றுதான்.

வயரிங்_நானா

நியாயமான கேள்வி. பெட்டரிக்கு இந்த இடத்தில வெற்றிதான், ஒத்துக்கொள்றேன். வயருக்குச் செய்யிறது: டிபி போர்டில டைப் 2 சேர்ஜ் அரெஸ்டர் (இடியால வர்ற மின் அதிர்ச்சியை எர்த்துக்குத் திருப்புற சாதனம்). நெட்வேர்க் கேபிள் வீட்டுக்குள்ள நுழையிற இடத்தில பிஓஈக்கான சேர்ஜ் புரொடெக்டர் ஒண்டு, அதன் எர்த் வயர் குட்டையா, தடிப்பா, வீட்டு மெயின் எர்த்தோட. ரவுட்டருக்குப் பக்கத்தில அலுமாரிக்குள்ள வெச்சு எர்த்தைத் தொங்க விட்டா அது வெறும் பெட்டி. மலைப் பக்கம் பாறை நிலம், எர்த் கம்பி ஒண்டு அடிச்சா தடை கூடவாத்தான் வரும். அளந்து பார்த்து ரெண்டாவது மூணாவது கம்பி அடிச்சு இணைக்கணும். நேரா மின்னல் விழுந்தா எதுவும் தாங்காது, பக்கத்தில விழுறதுக்குத்தான் இதெல்லாம்.

பிஓஈ சுவிட்சை ரவுட்டரிலிருந்து தனியா வைங்க. அடி வந்தா சுவிட்ச் போகட்டும், ரவுட்டர் தப்பட்டும்.

லயத்துப்பிள்ளை (பொகவந்தலாவை)

எல்லாரும் கேட், படி, தூண் என்று பேசுறீங்க. லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டு அறை) சொல்லுங்க. இஸ்தோப்பும் (முன் திண்ணை) கதவும் மட்டுந்தான், அடுத்த வீட்டுக் கதவு ரெண்டு மீட்டர்ல. இன்டர்நெட் சிம் போட்ட 4ஜி ரவுட்டர். தகரக் கூரை.

நெட்வேர்க்_தம்பி

லயத்துக்குப் பெட்டரி மொடல்தான். அங்க ஊவா அண்ணன் சொன்னதே சரி. பழைய வயரிங்கில கை வைக்க வேணாம், ரவுட்டர் சில மீட்டரில இருக்கும், சிக்னல் பிரச்சினை இல்லை. தகரம் சிக்னலைத் திருப்பும். ரவுட்டரைக் கூரைக்கு ஒட்டின மாதிரி வெக்காம கதவுப் பக்கச் சுவரில தலை உயரத்தில வைங்க.

டேட்டா கணக்கு: 1 எம்பிபிஎஸ் வீடியோ என்றா ஒரு மணித்தியாலத்துக்கு 450 எம்பி. 20 செக்கன் துண்டு ஒண்டு, 1.5 எம்பிபிஎஸ்ல, 3.75 எம்பி. ஒரு நாளைக்கு 60 துண்டு கிளவுட்டுக்குப் போனா 225 எம்பி, மாசம் 6.75 ஜிபி. லயத்து இஸ்தோப்பில 60 என்பது பகல் பத்து மணிக்கே முடிஞ்சிடும். அதனால அசைவுப் பதிவை நிப்பாட்டி, பட்டன் அமத்தினா மட்டும் எடுக்கிற மாதிரி வைங்க, இல்லாட்டி இரவில மட்டும் அசைவு. மெமரி கார்டில பதியிற மொடல் என்றா நீங்க பார்க்கும்போது மட்டுந்தான் டேட்டா போகும்.

ரிங் கம்பனிப் பெல் வாங்குறதா இருந்தா, மாசச் சந்தா கட்டாட்டி பழைய பதிவைப் பார்க்க ஏலாது. நேரலையும் அழைப்பும் மட்டுந்தான். நம்ம ஆக்களுக்கு அது சரிவராது.

4ஜி சிம்முக்குப் பொதுவா பொது ஐபி (வெளியிலிருந்து நேரா வீட்டு ரவுட்டருக்கு வர்ற முகவரி) கிடைக்காது, அதனால வெளியிலிருந்து நேரா உள்ளே வர ஏலாது. கம்பனிச் செயலி வழியாப் பார்க்கிறதுக்கு அது தேவையும் இல்லை.

பனிமூட்டம்

லயத்தில் கெமராவை விடப் பெரிய விஷயம் பக்கத்து வீடு. 160 பாகை அகல லென்ஸ் என்றால் இரண்டு பக்கத்து இஸ்தோப்பும் அதில் விழும். பொம்பிளைப் பிள்ளைகள் தலை பின்னுவதும் பாத்திரம் கழுவுவதும் எல்லாம். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியாள் வீட்டுத் தேவைக்கு எடுப்பதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டம் விட்டாலும் லயம் விடாது. கதவுச் சட்டத்தில் ஆப்புப் பலகை வைத்து உங்கள் வாசல் பக்கம் திருப்புங்கள், மிச்சத்தைச் செயலியில் உள்ள மறைப்புக் கட்டத்தால் கறுப்பாக்குங்கள், ஒலிப்பதிவை அணையுங்கள். பூட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுப் படத்தில் என்ன தெரிகிறது என்று காட்டிவிட்டால் பிறகு வாய்ச்சண்டை வராது.

தேயிலைத்தளிர்

பிஓஈ என்று முடிவு பண்ணியாச்சு. எந்த மொடல்? அப்பா போன் தொடமாட்டார் என்பதை மறக்காதீங்க.

வயரிங்_நானா

அப்ப பெல்லே வேணாம், இன்டர்கொம் எடுங்க. ஹிக்விஷன், டஹுவா ரெண்டிலயும் வீட்டுக்கான ஐபி டோர் ஸ்டேஷனும் (கேட்டில மாட்டுற, நெட்வேர்க்கில ஓடுற வெளிப்பெட்டி) 7 அங்குல உள் மொனிட்டரும் செட்டா வரும். கேட்டில அமத்தினா சுவரில இருக்கிற மொனிட்டரில படம் வரும், அப்பா ஒரு பட்டனைத் தொட்டுப் பேசலாம், இன்னொண்டைத் தொட்டா கேட் பூட்டு திறக்கும். இன்டர்நெட் செத்தாலும் வீட்டுக்குள்ள இது வேலை செய்யும். அதே நேரம் பிள்ளைங்க போனிலயும் அடிக்கும். வைஃபை பெல் பலதிலயும் இன்டர்நெட் போனா பட்டன் அமத்தினது போனுக்கு வராது, வெறும் டிங்டொங் மட்டும். சிலதில அதுவும் இல்லை.

நாலு வயர் அனலொக் செட்டும் இருக்கு, மலிவு. ஆனா 35 மீட்டரில படம் மங்கலாம், பக்கத்தில 230 வயர் ஓடினா கோடு கோடா வரலாம். போனுக்கும் பொதுவா வராது.

பூட்டு ஒண்டு சொல்லணும். பூட்டின் வயரை வெளிப்பக்க ஸ்டேஷனில இருக்கிற ரிலேயில (பூட்டுக்குக் கரண்ட் விடுற மின் சுவிட்ச்) கொடுக்கிறதுதான் வழக்கம். கள்ளன் ஸ்டேஷனைக் கழட்டி அந்த ரெண்டு வயரையும் தொட்டு வெச்சா கேட் திறக்கும். பாதுகாப்பு ரிலே மொடியூல் என்று தனியா விக்குது, அதை உள்ளே வெச்சு அதிலிருந்து பூட்டுக்கு ஓட்டுங்க.

நெட்வேர்க்_தம்பி

நானாவோட சேர்றேன். ரியோலிங்க் பிஓஈ பெல்லும் நல்லது, சந்தா இல்லை, ஆர்டிஎஸ்பி (படத்தை வேற கருவிக்கு நேரா அனுப்புற முறை) இருக்கு, என்விஆரில (கெமராப் படத்தைப் பதியிற பெட்டி) பதியலாம். ஆனா உள் மொனிட்டர் அதுக்கு இல்லை. டேப்லட் ஒண்டைச் சுவரில மாட்டி எந்நேரமும் சார்ஜில வெச்சா பெட்டரி உப்பும். வயசான ஆக்களுக்கு மொனிட்டர்தான்.

கார்டை வெளிப்பக்கத்தில வெக்க வேணாம். ரோட்டோரத் தூணில இருக்கிற சாமானைக் கழட்டிக்கொண்டு போனா பதிவும் சேர்ந்து போகும். உள் மொனிட்டரிலயோ என்விஆரிலயோ பதியுங்க. தொடர்ந்து பதியிறதா இருந்தா 2 எம்பிபிஎஸ்க்கு நாளொண்டுக்கு 21.6 ஜிபி, 128 ஜிபி கார்ட் ஆறு நாள் கூடத் தாங்காது. கார்டில 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டிருக்கணும்.

கரண்ட் கட் கணக்கு முக்கியம். ரவுட்டருக்குப் போடுற மினி யூபிஎஸ் 8,800 எம்ஏஎச் என்றா அது 3.7 வோல்ட்டில, அதாவது 32.5 வோட்-மணி. மாத்தும்போது போற 15 சதவீதத்தைக் கழிச்சா 27 சொச்சம். ரவுட்டர் 9 வோட்ஸ் மட்டும் என்றா 3 மணித்தியாலம். பெல் 5 வோட்ஸும் சேர்ந்தா ரெண்டு மணித்தியாலந்தான். மொனிட்டரும் சேர்ந்தா இன்னும் குறையும். 2022 மாதிரி மின்வெட்டுக்கு இது காணாது, 12 வோல்ட் பெட்டரியும் சார்ஜரும் வெச்சுச் செய்யணும்.

அந்த மினி யூபிஎஸ்ஸில "பிஓஈ" என்று ஒரு துளை இருக்கும். ஏமாற வேணாம். அதில வர்றது 15 அல்லது 24 வோல்ட், கைகுலுக்காம (எதிர்ப்பக்கக் கருவி பிஓஈ வகையா என்று கேட்டுப் பார்க்காம) நேரா வர்ற கரண்ட். 48 வோல்ட் பெல்லை அது எழுப்பாது. ஒண்டு, 12 வோல்ட் உள்வாங்கி 48 வெளியே கொடுக்கிற பிஓஈ சுவிட்ச் தேடுங்க. இல்லாட்டி சுவிட்சை ஏசி யூபிஎஸ்ஸில போடுங்க.

பனிமூட்டம்

பூட்டும்போது: பட்டன் தரையிலிருந்து 1.2 மீட்டர். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு படி தாழ்ந்திருந்தால் தாழ்ந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும். பெட்டியில் ஐபி65 என்ற நீர்க்காப்பு எண் இருந்தாலும் மேலே மழை மறைப்பு வையுங்கள். அந்த எண் நீர்த்தாரைக்கான சோதனை, உள்ளே வியர்ப்பதற்கு அல்ல. பின்பக்கத்தில் தூணோடு சேரும் விளிம்பில் மேலேயும் இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசுங்கள், அடியைத் திறந்தே விடுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் தூணுக்குள்ளிருந்து வருகிற ஈரம் போக வழியில்லாமல் லென்ஸுக்குள் மூச்சு விட்ட மாதிரிப் படியும். நெட்வேர்க் இணைப்பு தூணுக்குள் வருவதால் அதைத் தண்ணீர் புகாத மூடியோடு உள்ள இணைப்பியால் செய்ய வேண்டும், வெறும் இன்சுலேஷன் டேப் ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது.

நுவரெலியா, நானுஓயாப் பக்கம் இதை வாசிப்பவர்களுக்கு மட்டும்: ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழுகிற இடத்தில் பெட்டரி மொடலைச் சோலாரில் விட்டால், பூச்சியத்துக்குக் கீழே லித்தியம் சார்ஜ் ஏறாது, ஏற்றவும் கூடாது. வெயில் ஏறியதும் தானே சரியாகும், பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம்.

தேயிலைத்தளிர்

கடைசியா ரெண்டு. அம்மாவுக்கு மணி கேக்காது. அப்புறம் அந்தப் பழைய ரெண்டு வயரை என்ன பண்ணுறது?

நெட்வேர்க்_தம்பி

அம்மாவுக்கு ரெண்டாவது மொனிட்டர், குசினியில, அவங்க நிக்கிற பக்கம் பார்த்து. அழைப்பு வந்தா திரை பளிச்சென்று எரியும், காது தேவையில்லை. அதே சுவிட்சிலிருந்து இன்னொரு கேபிள்தான். பல்ப் மின்னணும் என்றா பெல்லும் பல்பும் ஒரே கம்பனிச் செயலியில இருக்கிற வைஃபை வகையில சுலபமாச் செய்யலாம். இன்டர்கொம் செட்டில பொதுவா அந்த வசதி வராது. எல்லாம் பூட்டின பிறகு ஆரம்பக் கடவுச்சொல்லை மாத்துங்க, ரெண்டு படி உறுதிப்படுத்தலைப் போடுங்க, டுபாயில இருக்கிறவருக்குத் தனிக் கணக்குக் கொடுத்துப் பகிருங்க. ஒரே கடவுச்சொல்லைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில போடுற பழக்கம் வேணாம்.

வயரிங்_நானா

பழைய வயரை மெயின்ஸிலிருந்து பிரிச்செடுத்து, பனிமூட்டம் அக்கா சொன்ன கேட் விளக்குக்கு வைங்க. 12 வோல்ட் 5 வோட்ஸ் எல்இடி 0.42 அம்பியர், அந்த வயரில 1.1 வோல்ட்தான் இழப்பு, விளக்கு எரியும். இருட்டினா தானே எரியிற சென்சரை வீட்டுப் பக்கமே போடுங்க, ஆனா ஜன்னல் வெளிச்சம் படாத இடத்தில. டிபியில அந்தப் பிரேக்கரில இருக்கிற "பெல்" என்ற துண்டைக் கிழிச்சிட்டு புதுசா எழுதி ஒட்டுங்க. பிறகு வர்ற வயரிங் ஆள் அதை நம்பித்தான் கை வைப்பார்.